பழைய லாரி, ஜீப் வாங்குகிறீர்களா? சேசிஸ் நம்பர், ஆர்.சி. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாடா பென்ஸ் 1210, லேலண்ட் காமெட், ஃபார்கோ, டாட்ஜ், பெட்ஃபோர்டு, மஹிந்திரா ஜீப், ராணுவ ஏலத்தில் வந்த சக்திமான், ஜோங்கா என்று பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சோதிக்க மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறார்கள். காகிதத்தைச் சோதிக்க யாரையும் கூட்டிப் போவதில்லை. கீழே உள்ளவை தமிழ்நாட்டில் பதிவாகப் போகிற வண்டியை மனதில் வைத்து, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தையும் 1989 மத்திய விதிகளையும் ஒட்டி எழுதப்பட்டவை.

முதலில் எதைப் பார்ப்பது, வண்டியையா ஆர்.சி. புக்கையா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சேசிஸ் நம்பரை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் நம்பரை. பழைய லாரியில் எல்லாமே மாறியிருக்கும். கேபின் மாறியிருக்கும், நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ பாடி இரண்டு மூன்று முறை கட்டியிருப்பார்கள், ஆக்ஸில் வேறு வண்டியுடையதாக இருக்கும். அதெல்லாம் பரவாயில்லை. சேசிஸில் அடித்த நம்பரும் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் எழுதிய நம்பரும் ஒன்றாக இருந்தால் அது வண்டி. இல்லையென்றால் அது பழைய இரும்பு, அதற்கு இரும்பு விலைதான்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே ஆர்.சி.யின் எல்லாப் பக்கங்களையும், சேசிஸ் நம்பரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "நேர்ல வாங்க சார், புக்கெல்லாம் பக்காவா இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால் பஸ் காசு மிச்சம் என்று இருந்துவிடலாம்.

சேசிஸ் நம்பர் எங்கே இருக்கும்? எப்படி எடுப்பது?

நம் ஊர் லாரிகளில் பெரும்பாலும் சேசிஸின் நீளச் சட்டத்தில், முன்பக்கம், டிரைவர் பக்கச் சக்கரத்தை ஒட்டிய இடத்தில் அடித்திருப்பார்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்க்க இடம் கிடைக்கும். ஜீப்பிலும் பழைய அமெரிக்க வண்டிகளிலும் இதைத் தவிரத் தகடு ஒன்றும் இருக்கும். 1940களின் கடைசியில் வந்த செவர்லே பிக்கப்பில் டிரைவர் கதவின் கீல் தூணில் அந்தத் தகட்டை ரிவெட் அடித்திருப்பார்கள். ஆனால் தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவது ஐந்து நிமிட வேலை. ரிவெட்டின் தலை பழையதா, நடுவில் ஓட்டை உள்ள புது பாப் ரிவெட்டா என்று பாருங்கள். தகடு என்ன சொன்னாலும், சட்டத்தில் அடித்த நம்பர்தான் பேசும்.

ஐம்பது வருஷத்து கிரீஸும் மண்ணும் பெயின்ட்டும் அதன்மேல் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்துத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். கிரைண்டர் மட்டும் கூடவே கூடாது. நீங்கள் நல்ல எண்ணத்தில் போட்ட கிரைண்டர் கோட்டை நாளைக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தால், நம்பரை யாரோ அழிக்கப் பார்த்ததாகத்தான் நினைப்பார்.

துடைத்த பிறகு பென்சில் அச்சு எடுங்கள். மெல்லிய வெள்ளைத் தாளை நம்பர் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும். மேடுபள்ளமான இடத்தில் தாள் கிழிந்துபோனால், பென்சிலை நேராக இரும்பில் தேய்த்து, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி உரித்து, அதை அப்படியே தாளில் ஒட்டிக்கொள்ளலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபாரத்தில் ஒட்டுகிற அதே அச்சுதான். போட்டோ வெளிச்சத்தில் ஏமாற்றும். அச்சு ஏமாற்றாது. 8 என்று நினைத்தது 3 என்று தெரிவது இங்கேதான்.

நம்பரை அழித்து வேறு நம்பர் அடித்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். நம்பர் இருக்கும் இடத்திலும், அதன் இரு பக்கத்திலும் விரலை ஓட்டுங்கள். அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தால் தேய்த்திருக்கிறார்கள். பிறகு ஒரு ஸ்கேலை நீளவாக்கில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் குழி இன்னும் தெளிவாகத் தெரியும். சுற்றிலும் துரு தின்ற புள்ளிகள் இருந்து, நம்பருக்கு அடியில் மட்டும் இரும்பு வழவழவென்று இருந்தாலும் அதே கதைதான். நம்பரைச் சுற்றிச் சதுரமாக வெல்டிங் கோடு இருக்கிறதா என்று சட்டத்தின் உள்பக்கத்திலும் பாருங்கள். வேறு சேசிஸிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி வந்து ஒட்டுவதும் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கால நம்பர்கள் பல, கையால் பஞ்ச் வைத்துச் சுத்தியால் அடித்தவை. ஒரு எழுத்து ஏறி ஒரு எழுத்து இறங்கி இருப்பது இயல்புதான். அச்சடித்த மாதிரி ஒரே கோட்டில் ஒரே ஆழத்தில் நிற்கிற நம்பரைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த, ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு வண்டியின் அச்சோடு எழுத்தின் வடிவத்தை ஒப்பிட முடிந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை.

பஞ்ச் அடிக்கும்போது எழுத்துக்கு அடியில் உள்ள இரும்பும் இறுகிவிடும். மேலே தேய்த்து அழித்தாலும் அந்த இறுக்கம் உள்ளே இருக்கும். தடய அறிவியல் கூடத்தில் அமிலக் கரைசல் தடவி அதை வைத்தே பழைய நம்பரை வெளியே கொண்டுவருகிறார்கள். ஆக "நல்லாத் தேய்ச்சாச்சு, யாருக்கும் தெரியாது" என்பதெல்லாம் வழக்கு வரும்வரைதான். திருட்டு வண்டி என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், வாங்கியவர் மேலேயே பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு பாயும்.

துருப்பிடித்து நம்பர் உண்மையாகவே மறைந்துபோன வண்டிகளும் உண்டு. அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதியோடு மறுபடி அடிக்க வழி இருக்கிறது. அப்படி அடித்தது என்றால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், பதிவேட்டிலும் குறிப்பு இருக்க வேண்டும். காகிதம் இல்லாமல் வாய்ச்சொல்லாக "ரீ-பஞ்ச்" என்றால் ஏற்காதீர்கள்.

17 எழுத்து நம்பர் இல்லையே, அது குறையா?

இல்லை. 17 எழுத்து முறை அமெரிக்காவிலேயே 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயம். நம் நாட்டில் அதற்கும் பிறகு. 1960களின் வண்டியில் சின்ன நம்பர்தான் இருக்கும், சில சமயம் மாடல் குறியீட்டோடு சேர்ந்து.

தலைகீழாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். 17 எழுத்து முறையில் டாடா வண்டிக்கு எம்.ஏ.டி. (MAT), லேலண்டுக்கு எம்.பி.1 (MB1), மஹிந்திராவுக்கு எம்.ஏ.1 (MA1) என்று நம்பர் தொடங்கும். "1966 மாடல்" என்று சொல்லி விற்கிற வண்டியின் சேசிஸில் எம்.ஏ.டி. என்று தொடங்கும் நீள நம்பர் இருந்தால், பழைய மூக்கைப் புது சேசிஸில் மாட்டியிருக்கிறார்கள்.

இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை. விட்டுவிடுவதா?

அவசியம் இல்லை. இந்த வயது வண்டியில் முதல் இன்ஜினே இருந்தால் அதுதான் அதிசயம். பெட்ரோலில் ஓடிய ஃபார்கோ, டாட்ஜ், ஜீப் எல்லாம் டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெர்கின்ஸ் டீசலுக்கு மாறின. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி அந்த இன்ஜினைத் தயாரித்ததால் நம் பக்கத்தில் அது ரொம்பவே சகஜம்.

மாற்றினார்களா என்பதைவிட, மாற்றியதைப் பதிவு செய்தார்களா என்பதுதான் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி இன்ஜினை மாற்றினால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரும், எரிபொருள் டீசல் என்ற திருத்தமும் ஏறியிருந்தால் சரி. ஏறவில்லையென்றால் விற்கிறவரையே ஏற்றித் தரச் சொல்லுங்கள், இன்ஜின் வாங்கிய பில்லையும் கேளுங்கள். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று ஆபீஸில் கேட்பார்கள்.

பழைய ஆர்.சி. புக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

கையால் எழுதிய புக் என்றால் நிதானமாக உட்கார்ந்து வாசியுங்கள், அதில் வண்டியின் வாழ்க்கை முழுக்க இருக்கும். முதலில் சேசிஸ் நம்பர் இருக்கும் வரி. அங்கே மட்டும் மை வேறு நிறமாக இருக்கிறதா, தாள் சுரண்டி மெலிந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அப்புறம் உரிமையாளர் வரிசை. ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் தேதி, கையெழுத்து, ஆபீஸ் முத்திரை மூன்றும் வேண்டும். தேதிகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு பக்கம் காணோம் என்றால் பெரும்பாலும் வண்டிமேல் கடன் இருப்பதைக் காட்டும் ஃபைனான்ஸ் முத்திரை இருந்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

புக்கோடு நிற்காதீர்கள். பழைய எஃப்.சி. (தகுதிச் சான்று), பர்மிட், இன்சூரன்ஸ், வரி ரசீது என்று வீட்டில் கிடக்கிற குப்பையை எல்லாம் கேட்டு வாங்குங்கள். அவற்றில் பலவற்றில் சேசிஸ் நம்பர் இருக்கும். 1978 இன்சூரன்ஸிலும் 1995 எஃப்.சி.யிலும் ஒரே நம்பர் இருந்தால் நிம்மதி. நடுவில் ஏதோ ஒரு வருஷத்தில் நம்பர் மாறியிருந்தால், அந்த வருஷத்தில் என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

"டூப்ளிகேட்" என்று முத்திரை இருந்தால் பயப்பட வேண்டாம், ஃபாரம் 26 கொடுத்து முறையாக வாங்கியதாக இருக்கலாம். ஆனால் அசல் புக் அடகில் இருக்கும்போது தொலைந்ததாகச் சொல்லி டூப்ளிகேட் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவேட்டு விவரத்தைக் கேட்டு வாங்கினால் எது உண்மை என்று தெரிந்துவிடும்.

பரிவாஹன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. போலி வண்டியா?

அப்படிச் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பதிவாகி, பிறகு புதுப்பிக்காமல் கொட்டகையில் நின்றுபோன வண்டிகளின் விவரம் அங்கே காட்டும் வாஹன் தரவுத்தளத்தில் ஏறியிருக்காது. அசல் பதிவேட்டைப் பார்த்து ஆபீஸில் ஏற்றித் தருவார்கள், பேக்லாக் என்ட்ரி என்பார்கள். அது நடக்காமல் பெயர் மாற்றம், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எதுவுமே நகராது. அதை முடித்துத் தருவது விற்கிறவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பதிவேடு கரையான் அரித்துப் போயிருந்தால் அலைச்சல் யாருக்கு என்பதுதான் இதில் விஷயம்.

விவரம் வந்தாலும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தபோது 5 எஸ் ஆகியிருக்கும், 0 ஓ ஆகியிருக்கும். திருத்த முடியும், ஆனால் பதிவுபெற்ற உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணம் கைமாறிய பிறகு அவர் உங்கள் போனை எடுப்பாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாஹன் சமன்வய் வசதியில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துத் திருட்டுப் புகார் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுத்தமாக வந்தால் நல்லதுதான், ஆனால் கம்ப்யூட்டருக்கு முந்தைய புகார் எல்லாம் அதில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

நம்பர் பிளேட்டை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும். டி.என். என்று தொடங்கும் நம்பர்கள் 1989 ஜூலை 1-க்குப் பிறகு வந்தவை. அதற்கு முன் மூன்றெழுத்து நம்பர், எம்.ஜி.ஆர். அம்பாசிடரின் டி.எம்.எக்ஸ். 4777 மாதிரி. ஆகவே "1962 லாரி" என்று சொல்லி டி.என். நம்பரோடு நிற்கிறது என்றால், அது வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது ராணுவ ஏலத்தில் வந்து தாமதமாகப் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டுமே தப்பில்லை. எது என்று கேளுங்கள், அதற்கான காகிதத்தையும் கேளுங்கள்.

வண்டியின் முகமும் இப்படித்தான். டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டெய்ம்லர் பென்ஸும் சேர்ந்து லாரி தயாரித்தது 1954 முதல் 1969 வரை. ஆர்.சி.யில் 1974 என்று இருந்து கிரில்லில் பென்ஸ் நட்சத்திரம் மின்னினால், கிரில் வேறு வண்டியுடையது. அழகுக்காக மாட்டியிருக்கலாம், அதற்குத் தனி விலை தர வேண்டியதில்லை. அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனது 1955-ல், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைனான்ஸ் முத்திரை இன்னும் இருக்கிறது. கம்பெனியே இப்போது இல்லை. என்ன செய்வது?

கடன் 40 வருஷத்துக்கு முன்பே அடைந்திருக்கலாம், ஆனால் முத்திரை ரத்தாகாமல் பெயர் மாறாது. கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட ஃபாரம் 35 வேண்டும். கம்பெனி இன்னொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த கம்பெனி தர வேண்டும். நீதிமன்றம் மூலம் கலைக்கப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தோடு இணைந்த அதிகாரபூர்வக் கலைப்பாளரிடம் போக வேண்டும். தனியார் கூட்டு நிறுவனமாக இருந்து பங்குதாரர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டால் உண்மையிலேயே கஷ்டம். அந்த வண்டியை முத்திரை ரத்தாகும்வரை தொடாதீர்கள்.

புக்கில் இருப்பவர் இறந்துவிட்டார், விற்கிறவர் பேரன். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நேராக உங்கள் பெயருக்கு வராது. முதலில் ஃபாரம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். ஊரில் இருக்கிற பேரன் விற்கச் சம்மதிப்பார், வெளியூர் அத்தை சம்மதிக்க மாட்டார். வாரிசுச் சான்றில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.

ராணுவ ஏல வண்டிக்கு ஆர்.சி. கிடையாது என்கிறார்கள், உண்மையா?

ராணுவத்தில் இருந்தவரை அது பொதுப் பதிவில் இருக்காது என்பது உண்மை. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் நம்பர் ராணுவத்தின் சொந்தப் பதிவு. ஏலத்தில் எடுத்தவர் பெயருக்கு ராணுவ அதிகாரி கொடுத்த அசல் விற்பனைச் சான்று, அதாவது ஃபாரம் 21, இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் முதல் பதிவே நடக்கும். அசல் இல்லாமல் ஜெராக்ஸோடு நான்கு கை மாறி வந்த ஜோங்காவை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஹரியானாவின் மண்டி டப்வாலியில் உதிரியாகச் சேர்த்துக் கட்டித் தரும் ஜீப்புகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வண்டியைக் கட்டுவதில் அங்கே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். புக் எந்த வண்டியுடையது என்று பாருங்கள்.

அரசுத் துறை வண்டி என்றால் இன்னொன்று. மத்திய, மாநில அரசுகளின் 15 வயது தாண்டிய வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது, அவை பதிவுபெற்ற உடைப்புக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். "இப்பத்தான் டிபார்ட்மென்ட் ஏலத்துல எடுத்தேன், ஓடுற வண்டி" என்று பழைய அரசு ஜீப்பை யாராவது நீட்டினால் ஏலத் தேதியைக் கேளுங்கள்.

கேரளா, கர்நாடகா வண்டி மலிவாகக் கிடைக்கிறதே?

அந்த ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி., ஃபாரம் 28, கையில் வந்த பிறகு வண்டியை ஏற்றுங்கள். என்.ஓ.சி.யில் எந்த ஊர் ஆபீஸ் பெயர் இருக்கிறதோ அங்கேதான் கொண்டுபோக முடியும். இங்கே வரியும் கட்டி, புது டி.என். நம்பரும் வாங்க வேண்டும். அந்தப் பழைய மூன்றெழுத்து நம்பருக்கு ஆசைப்பட்டு வாங்குகிறீர்கள் என்றால், அது எல்லையோடு போய்விடும்.

எஃப்.சி. முடிந்து பல வருஷமாச்சு. அபராதம் யார் தலையில்?

லாரி என்பது சட்டப்படி போக்குவரத்து வாகனம். நடப்பு எஃப்.சி. இல்லையென்றால் அதன் பதிவே செல்லுபடியானதாகக் கருதப்படாது. நிலுவை வரியையும் பசுமை வரியையும் தீர்க்காமல் ஆபீஸில் எந்த வேலையும் நடக்காது, யார் பெயரில் விழுந்த பாக்கி என்று அங்கே பார்க்க மாட்டார்கள். எனவே மொத்தப் பாக்கியை எழுதி வாங்கி விலையில் கழியுங்கள். பதிவே ரத்தாகியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பர்மிட்டைப் புது லாரிக்கு மாற்றிவிட்டுப் பழையதின் பதிவை ஒப்படைத்துவிட்டவர்கள் உண்டு. வண்டி மட்டும் தோட்டத்தில் நிற்கும்.

விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

2021 ஜூலையில் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. புதுப் பதிவுக்கு வி.ஏ. வரிசை நம்பர். ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று ஓட்டலாம். வாடகைக்கோ, தினசரி ஓட்டத்துக்கோ கூடாது.

ஆனால் விதி பேசுவது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பற்றி. பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட 1210 இதில் வராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். ஜீப், பிக்கப் என்றால் உங்கள் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பெர்கின்ஸ் இன்ஜின் ஏறிய ஜீப்புக்கு "மாற்றம் இல்லாதது" என்று சொல்வதும் எளிதல்ல. எப்படி இருந்தாலும் இதற்கும் பழைய ஆர்.சி. கேட்பார்கள். இறக்குமதி வண்டியென்றால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி. இல்லாத காகிதத்தை விண்டேஜ் பதிவு உருவாக்கித் தராது.

கையெழுத்து மட்டும் உள்ள, பெயர் மாற்றத்துக்கான வெற்று ஃபாரம் 29, 30-ஐப் புரோக்கர் தருகிறார். போதுமா?

போதாது. அந்தக் கையெழுத்து யாருடையது என்பதே உங்களுக்குத் தெரியாது. புக்கில் பெயர் இருப்பவரை நேரில் பாருங்கள், அடையாள அட்டையை ஒப்பிடுங்கள், உங்கள் கண்ணெதிரே கையெழுத்து வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கு ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. இதைச் சொன்னால் தயங்குகிற பெரியவர்களும் ஆபீஸுக்கு வந்துவிடுகிறார்கள்.

பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். சிறு தொகை அட்வான்ஸ், மீதி பெயர் மாற்றத்துக்கான எல்லாக் காகிதமும் வந்த பிறகு. ஒப்பந்தத்தில் சேசிஸ் நம்பரை எழுதி, நீங்கள் எடுத்த பென்சில் அச்சைப் பக்கத்திலேயே ஒட்டி, அதன் குறுக்கே இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள்.

ஆர்.சி.யே இல்லாத வண்டியை உதிரி பாகத்துக்காக வாங்கலாமா?

விற்கிறவருக்கு அது எப்படி வந்தது என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் இருந்தால் வாங்கலாம். இரும்புக் கடை பில்லோ, ஏலச் சீட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. பில்லில் "உதிரி பாகங்களுக்காக" என்று எழுதி வாங்குங்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் பகுதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேபினும் கியர்பாக்ஸும் உங்களிடம் இருக்கும் காகிதமுள்ள வண்டிக்குப் போகலாம், சேசிஸ் போகக் கூடாது. "புக் ஒண்ணு தனியா இருக்கு சார், இதுக்குப் பொருத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால், அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தாலும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.